ஒரு செல் எப்படிக் கட்டையாகிறது? ஹார்மோன்களும் நொதி மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவர ஹார்மோன் என்றதும் வேர் விட வைக்கும் பொடி, காயைப் பழுக்க வைக்கும் வாயு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அதே ஹார்மோன்கள் மரத்தின் தண்டுக்குள் இன்னொரு வேலையும் பார்க்கின்றன. எந்த செல் எப்போது எந்த நொதியைத் தயாரித்துக் கட்டையாக மாற வேண்டும் என்பது பெரும்பாலும் அவற்றின் கையில் இருக்கிறது. தாவரவியல் மாணவர்களும் தோப்பு வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் "ஹார்மோன் நேராக மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளுமா?" என்ற கேள்வியை மட்டுமாவது படியுங்கள். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கட்டை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பச்சை மரத்தின் பட்டையை உரித்தால் உள்ளே வழவழவென்று ஈரமாக ஒரு படலம் கையில் படும். கேம்பியம் இருக்கும் இடம் அதுதான். சில செல்கள் மட்டுமே தடிமன் உள்ள மெல்லிய வளையம் அது. அதன் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். உட்பக்கம் சேர்பவை நீரேற்றும் சைலமாகவும் வெளிப்பக்கம் சேர்பவை உணவைக் கடத்தும் ஃபுளோயமாகவும் மாறும். ஆண்டுக்கணக்கில் உட்பக்கம் சேரும் இந்த இரண்டாம் நிலை சைலம்தான் கட்டை.

ஒரு சைலம் செல்லின் வாழ்க்கை ரொம்பச் சின்னது. பிறக்கும், உப்பும், தன் உட்பக்கத்தில் தடித்த சுவர் ஒன்றைக் கட்டிக்கொள்ளும், பிறகு தன்னையே கரைத்துக்கொண்டு செத்துப்போகும். மிஞ்சுவது சுவர் மட்டும். நீரேற்றும் குழாய்களும், தாங்கிப் பிடிக்கும் நார்களும் பெரும்பாலும் இப்படிச் செத்த செல்கள்தான்.

அந்தச் சுவரின் எடையில் ஏறத்தாழ பாதி செல்லுலோஸ், கால்வாசி லிக்னின், மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ். மண்சுவருக்குக் குழைக்கும்போது வைக்கோல் சேர்ப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் இழைதான் வைக்கோல், லிக்னின்தான் மண். ஒரே வித்தியாசம், இந்த மண் தண்ணீரில் கரையாது. உச்சி இலை தண்ணீரை இழுக்கும்போது குழாய் அமுங்கிப் போகாமல் இருப்பது இதனால்தான்.

பனையும் தென்னையும் இதில் சேருமா?

சேராது. அவற்றில் இந்தக் கேம்பியம் வளையமே இல்லை. ஆண்டுதோறும் உள்ளே கட்டை சேர்ந்து பருப்பதும் இல்லை. நம் பழைய இலக்கணக்காரர்கள் வெளிப்பக்கம் வைரம் உள்ளவற்றைப் புறக்காழ் என்று சொல்லிப் புல்லோடும், உட்பக்கம் வைரம் உள்ளவற்றை அகக்காழ் என்று சொல்லி மரத்தோடும் சேர்த்தார்கள். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்கு அருகில்தான் வைக்கிறது.

நொதி மரபணுக்கள் என்று சொல்வது எவற்றை?

இரண்டு கூட்டங்களை முக்கியமாகச் சொல்லலாம்.

முதல் கூட்டம் செல்லுலோஸைப் பின்னுகிறது. செல்லுலோஸ் சிந்தேஸ் என்ற நொதி செல் சவ்வில் உட்கார்ந்துகொண்டு, சர்க்கரையைக் கோத்து இழையாக வெளியே தள்ளும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளரும் செல்லின் மெல்லிய முதல் சுவருக்கு ஒரு தொகுப்பும், கட்டைக்குரிய தடித்த இரண்டாம் சுவருக்கு வேறொரு தொகுப்பும் இருக்கின்றன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 1, 3, 6 என்ற எண் கொண்டவை முதல் சுவருக்கு, 4, 7, 8 இரண்டாம் சுவருக்கு. பின்னதில் ஒன்று பழுதானாலும் சைலக் குழாய்கள் உள்வாங்கி நசுங்கிப்போகும்.

இரண்டாம் கூட்டம் லிக்னினுக்கு. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் வேலை தொடங்குகிறது. ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ் என்ற நொதி அதிலிருந்து அம்மோனியாவைப் பிரித்தெடுக்கும். அதன்பின் பல நொதிகள் வரிசையாகக் கைமாற்றி, மூன்று விதமான ஆல்கஹால்களைத் தயாரிக்கின்றன. அவை செல்லுக்கு வெளியே போனதும் லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகள் ஒன்றோடொன்று இணைத்து லிக்னினாக இறுக வைக்கின்றன. பாப்லர் என்ற அகன்ற இலை மரத்தில் இந்தப் பாதைக்கு 21 மரபணுக்களைக் கணக்கில் கொள்கிறார்கள்.

இலையிலுள்ள செல்லிலும் இந்த மரபணுக்கள் எல்லாமே இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் தூங்குகின்றன. அவற்றை யார் எழுப்புவது என்பதுதான் இந்தப் பக்கத்தின் கேள்வி.

ரசாயனச் சமிக்ஞைதான் எழுப்புகிறது என்று எப்படித் தெரியும்?

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஜினியா. ஆமாம், தோட்டத்தில் வளர்க்கும் அதே பூச்செடி.

1980-இல் ஜப்பானில் ஹிரோ ஃபுகுதாவும் அட்சுஷி கோமாமினேயும் ஜினியா இலையை நசுக்கி, பச்சையம் உள்ள செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, சத்துத் திரவத்தில் மிதக்கவிட்டார்கள். அதில் ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்தார்கள். மூன்று நாள் போல ஆனதும் அந்த இலைச் செல்களில் ஒரு பெரும் பங்கு நீரேற்றும் குழாய்ச் செல்களாக மாறிவிட்டது. சுருள் சுருளாகத் தடித்த சுவர், அதில் லிக்னின், உள்ளே காலி. ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருந்த செல், பக்கத்தில் மரமும் இல்லாமல் தண்டும் இல்லாமல் கட்டைச் செல்லாகிவிட்டது.

இரண்டில் ஏதாவது ஒரு ஹார்மோனைச் சேர்க்காமல் விட்டாலும் இது நடப்பதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து மாறுவதால், எந்த மணி நேரத்தில் எந்த மரபணு விழிக்கிறது என்று பார்ப்பதற்கும் வசதியாகிவிட்டது. அப்புறம் வந்த பல கண்டுபிடிப்புகளுக்கு இந்தக் குடுவைதான் தாய்.

மரத்துக்குள் எந்தெந்தச் சமிக்ஞைகள் வேலை செய்கின்றன?

ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரெல்லின், எத்திலின், பிராசினோஸ்டீராய்டு, அப்சிசிக் அமிலம் என்று ஹார்மோன் பட்டியலே கிட்டத்தட்ட முழுதாக வந்துவிடும். இவற்றோடு குட்டிப் புரதத் துண்டுகளும் உண்டு. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. எது எங்கே குவிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1996-இல் ஸ்வீடனின் ஊமியோ நகரத்து ஆய்வாளர்கள் பைன் மரத்தின் கேம்பியப் பகுதியை மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆக்சின் எவ்வளவு என்று அளந்தார்கள். கேம்பியத்தில் உச்சம், அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிவு என்று ஒரு மலைபோன்ற வரைபடம் கிடைத்தது. பின்னாளில் பாப்லர் வகை மரங்களில் மற்ற ஹார்மோன்களையும் இதே போல அளந்தார்கள். சைட்டோகைனினின் உச்சம் சற்று வெளியே தள்ளி, ஃபுளோயம் பக்கம் இருந்தது. வேலை செய்யும் ஜிப்ரெல்லின் உட்பக்கம், உப்பிக்கொண்டிருக்கும் சைலம் செல்களில் குவிந்திருந்தது. ஒரு செல், தான் நிற்கும் இடத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே தன் வேலையைத் தெரிந்துகொள்கிறது.

ஹார்மோன் நேராக மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. மாணவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "ஆக்சின் மரபணுவைத் தூண்டுகிறது" என்று பாடத்தில் ஒரே வரியில் இருக்கும். உண்மையில் நடப்பது வேறு. வழியை மறித்து நிற்கும் ஒரு புரதத்தை ஒழித்துக்கட்டுவதுதான் ஆக்சினின் வேலை.

ஆக்சினைச் சார்ந்த மரபணுக்களைத் திறக்கத் தயாராக சில புரதங்கள் எப்போதும் இருக்கும். ஆக்ஸ்-ஐ.ஏ.ஏ. என்ற இன்னொரு வகைப் புரதம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். டி.ஐ.ஆர்.1 என்ற ஏற்பிக்கும் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இந்த ஆக்ஸ்-ஐ.ஏ.ஏ. புரதத்துக்கும் நடுவில் ஆக்சின் பசை போல உட்கார்ந்து இரண்டையும் ஒட்ட வைக்கிறது. ஒட்டியதும் ஆக்ஸ்-ஐ.ஏ.ஏ. மீது 'அழிக்க வேண்டியது' என்ற முத்திரை விழும். செல்லின் குப்பை அரைக்கும் எந்திரம் அதை அரைத்துவிடும். பிடி விட்டதும் மரபணு திறக்கிறது.

ஜிப்ரெல்லினும் இதே ரகம். அது வந்தால் டெல்லா என்ற தடுப்புப் புரதங்கள் அழியும். நொதி மரபணு வரைக்கும் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து காட்டியது நெல்லில் நடந்த ஒரு ஆய்வு. நெல் மரமில்லை, சரி. ஆனால் அதன் தாளிலும் இரண்டாம் சுவர் உண்டு, நொதிகளும் அதே குடும்பம். அங்கே எஸ்.எல்.ஆர்.1 என்ற டெல்லா புரதம், நாக் வகைப் புரதங்கள் இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறது (நாக் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில்). ஜிப்ரெல்லின் வந்து அந்தத் தடுப்பு அழிந்ததும் நாக் விடுபடுகிறது. நாக் போய் எம்.ஒய்.பி.61 என்ற புரதத்தின் மரபணுவைத் திறக்கிறது. எம்.ஒய்.பி.61 போய் செல்லுலோஸ் சிந்தேஸ் மரபணுக்களைத் திறக்கிறது. இலையில் தயாராகும் ஒரு சிறு மூலக்கூறில் தொடங்கி, சுவரில் விழும் இழை வரை பாதை இவ்வளவுதான்.

எல்லா ஹார்மோனும் இப்படித் தடையை அழித்துத்தான் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்சிசிக் அமிலத்தின் வழி வேறு. அது சில கைனேஸ் நொதிகளை உசுப்பிவிடும். அவை என்.எஸ்.டி.1 என்ற நாக் புரதத்தின் மீது பாஸ்பேட் ஒன்றை ஒட்டி அதைச் சுறுசுறுப்பாக்கும். அராபிடாப்சிஸில் இதை 2021-இல் காட்டினார்கள். வறட்சியில் சுரக்கும் ஹார்மோன் இது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், தண்ணீர் நிலவரத்துக்கும் சுவர் தடிப்பதற்கும் ஒரு தொடர்பு தெரியும்.

நடுவில் வரும் இந்த 'நாக்', 'எம்.ஒய்.பி.' எல்லாம் என்ன?

டி.என்.ஏ.-வில் உட்கார்ந்து மரபணுவைத் திறக்கும் புரதங்கள் இவை. படியெடுத்தல் காரணிகள் என்பது பாடப்புத்தகப் பெயர். மேலே நாக், அதன் கீழ் எம்.ஒய்.பி., அடியில் நொதிகள் என்று தாசில்தார், வி.ஏ.ஓ., தலையாரி போல ஒரு படிநிலை இருக்கிறது.

2005-இல் ஜினியா முறையைப் போலவே அராபிடாப்சிஸ் செல்களைக் குழாய்ச் செல்களாக மாற்றும்போது வி.என்.டி.6, வி.என்.டி.7 என்ற நாக் புரதங்கள் பிடிபட்டன. இவற்றில் ஒன்றை மட்டும் செடி முழுவதும் வலுக்கட்டாயமாகத் தயாரிக்க வைத்தால், இருக்கக்கூடாத இடங்களில் எல்லாம் செல்கள் குழாய்களாக மாறின. நார்களுக்கு என்.எஸ்.டி.1, என்.எஸ்.டி.3 என்ற வேறு இரண்டு அதிகாரிகள். இரண்டையும் நீக்கிய செடியின் தண்டு நிமிர்ந்து நிற்க முடியாமல் தொங்கிப்போனது. நாருக்குச் சுவரே விழவில்லை.

இவற்றின் கீழே எம்.ஒய்.பி.46, எம்.ஒய்.பி.83 இரண்டும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றையும் ஒன்றாகக் கிளப்பும். எம்.ஒய்.பி.58, எம்.ஒய்.பி.63 லிக்னின் பக்கம் மட்டும் பார்க்கும். அவை எந்த மரபணுவைத் திறக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கின்றன? லிக்னின் நொதி மரபணுக்கள் பலவற்றின் வாசலில், அதாவது புரோமோட்டர் பகுதியில், ஏ, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகள் மிகுந்த ஏழெட்டு எழுத்துக் குறி ஒன்று இருக்கிறது. ஒரே கல்யாணத்துக்கு வந்த பைகளுக்கெல்லாம் ஒரே சீட்டு ஒட்டியது போல. எம்.ஒய்.பி. அந்தக் குறியைப் பார்த்துத் திறக்கும். ஆகவே பாதையிலுள்ள நொதிகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தயாராகின்றன. பாதி வழியில் சரக்கு தேங்குவதில்லை.

ஆக்சின் அதிகமானால் கட்டையும் அதிகமாகுமா?

இல்லை. கட்டை உருவாகத் தொடங்குவதற்கு ஆக்சின் வேண்டும். ஆனால் சுவர் கட்டும் கட்டத்தில் அதே ஆக்சின் அதிகமாக இருந்தால் நாக் புரதங்களின் மரபணுக்கள் அடங்கியே இருக்கும், சுவர் விழாது. கேம்பியத்திலிருந்து செல் உள்ளே தள்ளிப்போகப் போக அதைச் சுற்றி ஆக்சின் குறைகிறது. குறைந்த பிறகுதான் சுவர் வேலை ஆரம்பம். செல் முழுதாக உப்புவதற்கு முன்னாலேயே சுவர் இறுகிவிட்டால் குழாய் குறுகலாகிவிடும் அல்லவா? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

'இப்போது மாறாதே' என்று சொல்லும் சமிக்ஞையும் உண்டா?

உண்டு, அதுவும் ஜினியா குடுவையிலிருந்துதான் வந்தது. செல்கள் மாறுவதைத் தடுக்கும் ஏதோ ஒன்று அந்தத் திரவத்தில் இருப்பதைக் கவனித்துத் தேடினார்கள். 2006-இல் கிடைத்தது வெறும் 12 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. டி.டி.ஐ.எஃப். என்று பெயர். ஃபுளோயம் பக்கத்தில் தயாராகி, கேம்பியத்துக்கு வந்து, பி.எக்ஸ்.ஒய். என்ற ஏற்பியில் உட்காரும். உட்கார்ந்ததும் செய்தி இரண்டு: பிரிந்துகொண்டே இரு, சைலமாக மாறாதே. இது இல்லாவிட்டால் கேம்பியம் தன்னையே கட்டையாக மாற்றிக்கொண்டு தீர்ந்துபோகும். விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதையாகிவிடும்.

இதை வைத்து 2015-இல் பாப்லர் வகை மரங்களில் ஒரு சோதனை நடந்தது. டி.டி.ஐ.எஃப். தரும் மரபணுவையும் அதன் ஏற்பியின் மரபணுவையும் மரம் முழுவதும் அதிகமாக்கியபோது திசுக்கள் தாறுமாறாயின. முன்னதை ஃபுளோயத்தில் மட்டும், பின்னதைக் கேம்பியத்தில் மட்டும் என்று இடம் பார்த்து அதிகமாக்கியபோது கட்டை சேரும் வேகம் இரண்டு மடங்கு வரை கூடியது. மருந்து ஒன்றேதான், போட்ட இடம்தான் வேறு.

சாய்ந்த மரத்தில் கட்டை வேறு மாதிரி இருக்கிறதே?

தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அறுக்கும்போதே வளையும், நார் நாராகப் பிரியும். அகன்ற இலை மரங்கள் சாய்ந்தால் மேல்பக்கம் இழுவைக் கட்டை உருவாகும். அந்த நார்களின் உள்ளே கூழ்போன்ற ஒரு அடுக்கு சேரும். அது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், லிக்னின் மிகக் குறைவு. அது சுருங்கி மரத்தை நிமிர்த்தப் பார்க்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் நேர் எதிர். அவை கீழ்ப்பக்கம் லிக்னின் மிகுந்த கட்டையை வைத்து முட்டுக் கொடுக்கும்.

பாப்லர் வகையில் இழுவைக் கட்டைக்குப் பின்னால் எத்திலின் இருக்கிறது. சாய்ந்த மரத்தின் மேல்பக்கத்தில் எத்திலின் தயாரிக்கும் நொதியின் மரபணு வேகமெடுக்கிறது. எத்திலின் கேம்பியத்தைத் தூண்டி, மேல்பக்கம் கட்டை தடிக்க உதவுகிறது. அந்தக் கூழ் அடுக்கு உருவாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான்.

செல் செத்த பிறகு சுவரில் லிக்னின் எப்படிச் சேரும்?

அக்கம்பக்கத்து உதவி. ஜினியா செல்களில் செய்த சோதனைகள், குழாய்ச் செல் செத்த பிறகும் லிக்னின் படிவது தொடர்வதைக் காட்டின. பக்கத்தில் உயிரோடு இருக்கும் செல்கள் லிக்னின் மூலப்பொருளைத் தயாரித்து அனுப்புகின்றன. ஆக, ஒரு செல்லில் நொதி மரபணு திறந்திருப்பதை வைத்து லிக்னின் அங்கேதான் சேரும் என்று சொல்லிவிட முடியாது.

லிக்னினைக் குறைத்தால் காகிதம் செய்வது எளிதாகுமே?

ஆகும். காகித ஆலையில் பெரிய செலவே மரக்கூழிலிருந்து லிக்னினைப் பிரிப்பதுதான். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்தாலும் அதே பாடுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் செடி குட்டையாகிவிடும். குழாய் நசுங்குவதால் தண்ணீர் ஏறவில்லை, அதனால்தான் குட்டை என்று ரொம்ப நாள் நினைத்தார்கள்.

2014-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிளின்ட் சாப்பிள் குழு இதில் ஒரு குண்டைப் போட்டது. லிக்னின் நொதி ஒன்று பழுதாகிக் குட்டையாகிப்போன அராபிடாப்சிஸில், மீடியேட்டர் என்ற புரதக் கூட்டத்தின் இரண்டு உறுப்புகளையும் நீக்கினார்கள். மரபணு படியெடுக்கப்படுவதை மேற்பார்வை செய்யும் கூட்டம் அது. செடி மறுபடியும் வளர்ந்தது. ஆனால் அதன் லிக்னின் வழக்கமானது இல்லை, சாதாரணச் செடியில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஒரு வகை அலகாலேயே கிட்டத்தட்ட முழுவதும் ஆனது. அப்படியானால் குட்டையானதற்குக் காரணம் வெறும் குழாய்ப் பழுது இல்லை. பாதையில் ஏதோ சரியில்லை என்று செடியே உணர்ந்து வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வந்த அழகான முடிவுகளில் இது ஒன்று.

2023-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் பாப்லரில் வேறு வழியில் போனார்கள். அந்த 21 மரபணுக்களில் எவற்றைச் சேர்த்துத் திருத்தலாம் என்று 69,123 விதங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, 7 வழிகளைத் தேர்ந்தெடுத்து, மரபணுவைக் கத்தரித்து மாற்றும் கிரிஸ்பர் முறையில் திருத்தினார்கள். கிடைத்த 174 வகைகளில் சிலவற்றில் லிக்னின் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

ஜிப்ரெல்லிக் அமிலம் வாங்கித் தெளித்தால் என் தேக்கு சீக்கிரம் பருக்குமா?

அந்தப் பணத்தை வேலிக்கும் களை எடுக்கவும் செலவழியுங்கள். இந்தக் கேள்விக்கு மூலம் 2000-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. ஜிப்ரெல்லின் தயாரிப்பில் முக்கியமான ஒரு நொதியின் மரபணுவை ஊமியோவில் பாப்லர் வகையைச் சேர்ந்த கலப்பின ஆஸ்பென் மரத்தில் அதிகமாக்கினார்கள். மரம் உயரத்திலும் பருமனிலும் வேகமாக வளர்ந்தது, நார்களின் எண்ணிக்கை கூடியது, நீளமும் கூடியது. செய்தியில் பாதியை மட்டும் படித்தவர்கள் மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

அங்கே செய்தது தெளிப்பு இல்லை, மரத்தின் மரபணுவிலேயே மாற்றம். அந்த மரங்களைத் தொட்டி மண்ணில் வைத்தபோது வேர் பிடிப்பது சுணங்கியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதுவும் ஆஸ்பெனில், ஆய்வகச் சூழலில். இலைமேல் விழும் மருந்துக்குக் கேம்பியம் எங்கே, உப்பும் சைலம் எங்கே என்று தெரியாது.

வைரம் பாய்வதும் இதே நொதிகளால்தானா?

அது பிந்தைய கட்டம். கட்டைக்குள் உயிரோடு மிஞ்சியிருக்கும் பாரன்கைமா செல்கள் ஆண்டுகள் கழித்துச் சாகும்போது, பலவகை ரசாயனங்களைத் தயாரித்து அக்கம்பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகின்றன. சேகு, அதாவது வைரம் பாய்ந்த உள்கட்டை, கறுப்பதும் மணப்பதும் அதனால்தான். தேக்கின் சேகில் இருக்கும் டெக்டோகுவினோன் அப்படிச் சேர்ந்த ஒன்று, கரையான் அதன் பக்கம் போவதில்லை.